ஒரு ஸ்பூன் இடைவெளி

இடது விலாவில் அரைவட்டமாக அக்கி.
சட்டை உரசினால் வெல்டிங் பொறி.
ஏழு வயதில் வந்த அம்மை
இறங்கிவிட்டதென்று தலைக்கு ஊற்றினார்கள்.
இறங்கவில்லையாம்.
முதுகுத்தண்டோரம் ஒரு நரம்பின் வேரில்
முப்பத்தோரு வருஷம் படுத்திருந்ததாம்,
மணலி யார்டில்
யாரும் கேட்டு வராத பெட்டியைப் போல.

"கொப்புளம் காயறவரைக்கும்
பாப்பாவத் தூக்காதீங்க" என்றார் நர்ஸ் மெர்லின்.
அதனால் நான் படிக்கட்டில்.
உள்ளே, பத்துக்குப் பத்து அறையில்
மகிழ்நிலாவுக்கு நேற்றிலிருந்து வாந்தி, பேதி.
ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் ரெண்டு வைரஸ்.
ஒன்றுக்கொன்று முகம் தெரியாது.

ஆன்டிபயாடிக் கொடு என்று
மெடிக்கலில் சத்தம் போட்டேன்.
"அது பாக்டீரியாவுக்கு அண்ணே."
ரெண்டும் கிருமிதானே?
வீடு வரும்வரை யோசித்தேன்.
பதினாறு வருஷமாக டிரெய்லர் ஓட்டுகிறவன்,
எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்:
அது ஒரு பெட்டி. சீல் வைத்த பெட்டி.
இன்ஜின் இல்லை, டிரைவர் இல்லை, பசிகூட இல்லை.
உள்ளே ஒரே ஒரு சீட்டு:
என்னைப் போல இன்னும் செய்.
குடலின் கேட்டில் யாரோ ஏமாந்து
முத்திரை குத்தி உள்ளே விட,
அப்புறம் எண்ணூர் நெடுஞ்சாலைதான்.
வால் தெரியாத வரிசை.

அக்கிக்குக் காவியில் சிங்கம் எழுதச் சொன்னார்
மாடி வீட்டு பலராமன்.
எழுதினால் குளுகுளுவென்று இருக்கும், ஒத்துக்கொள்கிறேன்.
சிங்கத்துக்கு நரம்புக்குள் வழி தெரியாதே.

பாக்கெட்டைக் கிழித்து
கொதித்து ஆறிய ஒரு லிட்டரில் கலக்கியாயிற்று.
ஒரு ஸ்பூன். நிறுத்து.
ஒரு நிமிஷம்.
இன்னொரு ஸ்பூன்.
வடிவு ஊட்டுகிறாள்,
வெளியிலிருந்து நான் செல்போனில் நிமிஷம் சொல்கிறேன்.
தூக்கக்கூடாத அப்பனுக்குக் கிடைத்த வேலை.

சோப்புப் போட்டு இருபது எண்ணும்வரை
கை கழுவு என்கிறது சுகாதார நிலையச் சுவர்.
எண்ணலாம்.
லாரி வந்து மூன்று நாள்.
பச்சைக் குடத்தில் பாதி, நீலத்தில் அடி மண்டி.
குடிக்கவா, கழுவவா, பேதித் துணி அலசவா
என்பது சுவரில் இல்லை.

கொருக்குப்பேட்டை கேட்டில்
சரக்கு ரயில் நகராமல் நிற்கிறது.
வாந்தி. மறுபடி முதலிலிருந்து.
நூற்றுப் பத்தில் கணக்கு விட்டுப்போயிற்று.

நாலே முக்காலுக்கு வடிவு கத்தினாள்:
"நனைச்சுட்டா! யோவ், நனைச்சுட்டா!"
பாயில் உள்ளங்கை அகலம்.
கொஞ்சம்தான். மஞ்சள்தான்.
படிக்கட்டில் உட்கார்ந்து
மூத்திரத்துக்குக் கை தட்டினேன்.

தெருமுனையில் லாரி ஹாரன்.
விலாவில் துணியை இறுக்கிக்கொண்டு ஓடுகிறேன்,
குடம்
வலது இடுப்பில்.