அளவுக்கு நிற்பவன்

படத்தில் என் வேலை சிறியவனாக இருப்பது.
மஞ்சள் மழைக்கோட்டு, ஐந்து மீட்டர் அளவுகோல்,
இடப்புறப் பாறையில் சிவப்புப் பெயின்டால் ஒரு பெருக்கல் குறி,
அதன்மேல் என் பூட்ஸ்.
பள்ளத்தின் அந்தப் பக்கம் முக்காலியை ஊன்றி
ஓட்னி கையை உயர்த்துவாள்.
ஒரு நொடியை இரண்டாயிரமாக நறுக்கி
ஒரே ஒரு துண்டை எடுத்துக்கொள்வாள்.
கை இறங்கும்.
நான் மூச்சு விடலாம்.

ஜூன் முதல் தேதி காலை எட்டுக்கு
மேலே அணையில் ஸ்டைனார் பித்தானை அழுத்துவான்.
நீர் வந்து சேர நாற்பது நிமிஷம்,
அதற்குள் ஒரு காபி.
செப்டம்பர் பதினைந்து மாலை ஆறுக்கு மூடுவான்.
இடையில் நொடிக்குப் பன்னிரண்டு கன மீட்டர்
விழவேண்டும் என்று உரிமத்தில் இருக்கிறது.
விழுந்தது என்பதற்கு நாங்கள் சாட்சி.
மிச்ச ஆறெல்லாம் மலையின் குடலுக்குள் போய்
அலுமினியமாகிறது.

பேருந்துகள் வரும்.
கேமராவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி
நீரைப் பாலாக்குவார்கள், பட்டாக்குவார்கள்.
புசானிலிருந்து வந்த ஒருவர்
குனிந்து வணங்கிக் கையசைத்தார்,
கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று.
காலடியில் இருந்த சிவப்புக் குறியைக் காட்டினேன்.
மறுபடி வணங்கினார். நானும்.

'அப்படி எடுத்தால்
நான்கும் பன்னிரண்டும் ஒன்றுபோலத் தெரியும்,
அழகுக்குக் கணக்கு வராது' என்பாள் ஓட்னி.
அவள் படத்தில் நீர்
உடைந்த கண்ணாடி, வீசியெறிந்த கல்லுப்பு,
நனைந்த நாய் உடம்பை உதறிய கணம்.
யாரும் சுவரில் மாட்டமாட்டார்கள்.
வலது மூலையில் தேதி,
இடது மூலையில் தீக்குச்சி உயரத்துக்கு
மஞ்சளாக நான்.

போன செப்டம்பரில்
மூடும் நேரம் வரை இருந்துவிட்டோம்.
இருக்கவேண்டிய அவசியம் இல்லை.
நின்றது ஒரேயடியாக அல்ல.
முதலில் சத்தம் இளைத்தது.
பிறகு வலப்பக்கத்துச் சரம் அறுந்தது.
பிறகு பாசி மட்டும் வெகுநேரம்
சொட்டுச் சொட்டாகப் பழைய பாக்கியைத் தீர்த்தது.
படிவத்தில் 'நீர்வீழ்ச்சி' என்று போட்டிருக்கும்.
நீரை எடுத்துவிட்டார்கள்.
மிச்சம் இருந்த சொல்லின் எதிரே
கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினோரு வருஷமாகக் கைஜாடையில் பேசியவர்கள் நாங்கள்.
அன்று அந்தப் பக்கத்திலிருந்து
அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.
சளியா என்று நான் கேட்கவில்லை.
'கௌத்தே, அசையாதே.'
கத்தவே இல்லை,
சமையலறையில் உப்பைக் கேட்பதுபோன்ற குரல்.
'முப்பது நொடி.'

இவளா, முப்பது நொடியா.

எண்ணினேன். பதினேழில்
அருவிக் கிழவன் வந்தது.
கறுப்பு உடம்பு, வெள்ளை மார்பு.
விழும் நீரைக் கதவாக வைத்து
அதன் பின்னால் குடும்பம் நடத்தும் பறவை.
கதவு கழன்ற வாசலின் நடுவில்
ஈரக் கல்லில் உட்கார்ந்து
அந்த இனத்துக்கே உள்ள பழக்கத்தில்
மேலும் கீழுமாக, மேலும் கீழுமாக
உடம்பை ஆட்டிக்கொண்டே இருந்தது.
எனக்கு மூக்கு அரித்தது. பொறுத்துக்கொண்டேன்.
முப்பதில் அது பறந்தது.

படத்தில் பாறை, வெடிப்பு, பாசி
எல்லாம் கத்திமுனைபோல் தெளிவு.
நான்கூட, கோலின் நுனி மட்டும் கொஞ்சம் நடுங்கி.
பறவை இல்லை.
அது இருந்த இடத்தில்
விரலளவு வெள்ளை
மேலிருந்து கீழாகக் கசிந்து நின்றது.

நீரோட்டம்: பூஜ்யம் என்று நிரப்பி அனுப்பினாள்.
இரண்டு நாளில் பதில் வந்தது.
லென்ஸில் அழுக்கு.
துடைத்துவிட்டு மறுபடி எடுத்து அனுப்பவும்.

மறுபடி போனோம்.
துடைத்தாள், இரண்டு தடவை.
குறியின்மேல் நின்றேன்.
அவள் கையை உயர்த்தவே இல்லை வெகுநேரம்.
மழை வரும்போல் இருந்தது.
பிறகு உயர்த்தினாள், இறக்கினாள்.

அந்தப் படம் ஏற்கப்பட்டது.