கிராமபோன், ஒன்று

ஊசி எங்கே என்று கேட்டேன்.
எண்பத்திரண்டு ஐப்பசி,
துறைமுகச் சுங்கக் கொட்டகையின் தகரத்தை
மழை பிறாண்டிக்கொண்டிருந்தது.
உவைஸ் மரைக்காயர் மூடியைத் தூக்கிக் காட்டினார்.
ஊசி கிடையாது சார், வெளிச்சம் படிக்கும்.

தோசைக்கல் அகலத்தில் ஒரு வெள்ளித் தட்டு.
சாய்த்தால் ஏழு நிறமும் ஓடின,
நேராகப் பிடித்தால் என் மூக்கு.
பினாங்கில் ஓர் அமெரிக்க மாலுமி
சீட்டாட்டத்தில் தோற்ற பெட்டியாம்.
தூக்க இரண்டு கூலிகள் வேண்டியிருந்தது.

தீர்வைப் புத்தகத்தைப் புரட்டினேன்.
டேப்பில் படம் காட்டும் எந்திரத்துக்கு ஒரு விகிதம்,
தையல் மெஷினுக்கு ஒன்று,
பல்செட்டுக்குக்கூட ஒன்று இருந்தது.
தட்டில் படம் என்று ஒரு வரி இல்லை.
தட்டு சுற்றுமா?
சுற்றும் சார்.
எழுதினேன்: கிராமபோன், ஒன்று. பழையது.

லஞ்சம் வாங்கவில்லை. ஒரு டீ கூட.
ஆனால் எட்டாம் நாள்
வெள்ளைச் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு
மண்ணடியில் மூன்று மாடி ஏறினேன்,
எந்தப் பொய்யில் கையெழுத்துப் போட்டேன் என்று
பார்த்துவிட்டு வர.

அதற்குள் அது ஒருமுறை புகைந்திருந்தது.
அமெரிக்காவின் கரண்ட் நம் கரண்டில் பாதிதானாம்.
ரிச்சி தெரு தேவசகாயம்
செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக் கொடுத்துவிட்டு
தானும் உட்கார்ந்திருந்தார், கூலி போதும், படம் வேண்டும் என்று.

தட்டு கிளம்ப நேரம் பிடித்தது.
தூரத்தில் விமானம் இறங்குவது போல் ஒரு முனகல்.
பிறகு படம். கலர் வரவில்லை.
நிற்கவும் இல்லை;
ஆட்கள் மாடிப்படி ஏறுவதுபோல்
மேலே மேலே உருண்டார்கள்.
உவைஸின் மனைவி சபுரா
டி.வி.க்குப் பின்னால் கையை விட்டு
ஒரு குமிழைத் திருகிப் பிடித்துக்கொண்டார்.
உலகம் நின்றது.
அவர் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருந்ததே ஒரு தட்டுதான்,
எந்திரம் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும் விளம்பரத் தட்டு.
அருவி, குதிரை, பியானோவில் விரல்கள்.
அரை மணிக்கு ஒருமுறை
தோசையைத் திருப்புவதுபோல் திருப்பிப் போட வேண்டும்.
ஒரு பக்கத்தில் ஐம்பத்து நாலாயிரம் படம், சார்,
ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு,
உங்க ஆபீஸ் ஃபைல் மாதிரி.

ஒரு பொத்தானை அழுத்தினார்.
டேப்பில் நிறுத்தினால் படம் குளிர்காய்ச்சல் கண்டு நடுங்கும்.
இது ஆணியடித்ததுபோல் நின்றது.
31846.
ஏதோ ஒரு துறைமுகம். கிரேன்.
அந்தரத்தில் ஒரு மரப்பெட்டி.
கீழே கையில் அட்டையுடன் ஓர் ஆள்
அண்ணாந்து பார்க்கிறான்.

சார், அது நீங்கதான் என்றார் உவைஸ்.

எல்லோரும் சிரித்த சிரிப்பில்
சபுராவுக்கும் பார்க்க ஆசை வந்து
குமிழை விட்டுவிட்டு முன்னால் வந்தார்.
உடனே நானும் பெட்டியும் கிரேனும்
மேலே போனோம், மறுபடி கீழிருந்து வந்தோம்,
மறுபடி மேலே.
அய்யோ என்று அவர் திரும்பி ஓடும்போது
மண்ணடி முழுக்கக் கரண்ட் போனது.

ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
தட்டில் எந்தப் படமும் தெரியவில்லை.

அடுத்த ஆடிக்குள் உள்ளே இருந்த வாயுக்குழாய் செத்துவிட்டதாம்.
மாற்றுக் குழாய்க்கு தேவசகாயம்
பம்பாய்வரை எழுதிப் பார்த்தார்.
உவைஸ் டேப்புக்கு மாறினார்.
பின்னாளில் பர்மா பஜாரில்
உள்ளங்கை அகலத் தட்டுகளை
முப்பது ரூபாய்க்குக் கூவி விற்றார்கள்;
அதற்கெல்லாம் புத்தகத்தில் வரி வந்துவிட்டது,
நானும் ஓய்வு பெற்றுவிட்டேன்.

ஒன்று மட்டும்.
அந்தப் பெட்டி தரையைத் தொட்டதா என்று தெரியாது.
31847-ஐ நான் பார்க்கவில்லை.
அவன் இன்னும் அண்ணாந்து நிற்கிறான்,
பேனா மூடியைக் கழற்றி.
உள்ளே இருப்பது என்னவென்று
ஏதாவது ஒன்றை
அவன் எழுதியாக வேண்டும்.