எதிர்பார்த்தது எடை, கிடைத்தது எடை

தார்த்துவில் பிப்ரவரி. ஆறு கல்லாகிக் கிடக்கிறது.
மூன்றாம் மாடியில் உர்வே
ஒரே வரியை நாலாம் தடவை வாசிக்கிறாள்:

எதிர்பார்த்தது: எடை. கிடைத்தது: எடை.

நார்வேயில், ஒரு மீன் குளிர்கிடங்கில்,
சோல்வி என்றொருத்தி
இதோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறாள்.
'உங்கள் கம்பைலர் குடிக்குமா?'
என்று கடைசியில் கேட்டிருந்தாள்.

இல்லை. நிதானமாகத்தான் இருந்தது.
ஓர் எடை கிலோ, படகுத் தொகுதியில் பிறந்தது.
மற்றது பவுண்டு, ஏற்றுமதித் தொகுதியில்.
இரண்டும் வேறென்று அதற்குத் தெரியும்;
தெரிந்ததைச் சொல்லத்தான் தெரியவில்லை.
பேரைச் சொல்லி ஊரை விழுங்கிவிட்டது.

விழுங்கச் சொன்னவள் உர்வேதான்.
ஏழு வருடம் முன்பு,
வரி சின்னதாக, அழகாக இருக்கட்டுமென்று.

திருத்தம் பதினொரு வரி:
ஒரே பேரில் இருவர் வந்தால்
ஊரோடு சேர்த்து அச்சிடு.

ஓடவிட்டாள். நாற்பத்தொரு சோதனைகள் சிவந்தன,
எல்லாம் பழைய மழுப்பலை மனப்பாடம் செய்தவை.
"ஒரே கட்டளையில் மாற்றிவிடலாமே" என்றான் ஹெய்னோ,
கையுறையை மாட்டிக்கொண்டே.
"வாசிக்காமலா?"

அவன் போய்விட்டான்.
அவளும் கோட்டு மாட்டிக்கொண்டு, நின்றபடியே
கடைசிச் சிலவற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தெட்டாவதில்
ஓர் அடைப்புக்குறியைக் காணோம்.
சார்பை வாங்கும் சார்பா இது,
சார்பைத் தரும் சார்பா?
அம்புகள் இரண்டும் ஒரே திசையில், வாய் திறக்காமல்.

கோட்டைக் கழற்றி
நாற்காலியில் போட்டாள்.