பதினேழாவது துளை

நகரசபை தந்த படிவத்தில் நாலு கட்டங்கள்:
மரத்தின் பெயர், சுற்றளவு, பயன், ஆபத்து.
பாசிக்கு எங்கேயும் இடமில்லை.

மரம் எண்ணத்தான் என்னை எடுத்தார்கள்.
மூன்று மாதம், நாட்சம்பளம்,
ஒரு அளவு நாடா, ஒரு மழைக்கோட்டு.
தபால் கந்தோர்ப் பக்கம் சபுக்கு ஒன்று.
மின்கம்பிக்காக மொட்டையடித்த ஜக்கரண்டா.
கோயில் வாசலில் அரசு, கம்பி வேலிக்குள்.
பதினொரு மணிக்கெல்லாம் எண்ணி முடித்துவிட்டேன்
ஹட்டன் நகரத்தின் நிழலை.

பஸ் நிலையத்துக்குப் பின்னால்
மலையைத் தோளில் தாங்கி ஒரு சுவர்.
மூன்று ஆள் உயரம்.
உடம்பெல்லாம் நாற்பத்தொரு துளை,
மலை குடித்த மழை
கொஞ்சம் கொஞ்சமாய் வெளியே வர.
மிச்சப் பொழுதுக்கு அதை எண்ணினேன்.

முதல் துளையின் உதட்டில் சாம்பல் நிற இலைக்கன்.
மூன்றில் பன்னம்,
கொழுந்து நிறுத்த சீட்டைச் சுருட்டி வைத்ததுபோல்
அதன் நுனி.
ஒன்பதில் வல்லாரை:
யாரோ தினமும் கிள்ளிப் போகிறார்கள்,
நகம் பட்ட காம்பு ஈரமாய் இருக்கிறது.
பன்னிரண்டில் காசித்தும்பை;
தொட்டால் காய் வெடித்து
எட்டாம் துளைவரை விதை எறியும்.
இருபத்தாறில் ஓர் அரசங்கன்று, பறவை போட்டது.
அதை நானே பிடுங்கினேன்.
விட்டால் பத்து வருடத்தில்
சுவரை இரண்டாய்ப் பிளந்திருக்கும்.
எல்லாப் பச்சையும் நம் பச்சையில்லை.
ஆனாலும் அந்த வேர் கையோடு வரும்போது
கோயில் பக்கம் பார்க்காமல் நின்றேன்.

நண்பகலில் தகரக் கூரைக்குக் கீழே
யாருமே நிற்பதில்லை.
டிக்கோயா பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்
பையை இறக்கி, செருப்பைக் கழற்றி,
சாய்வது பன்னம் படர்ந்த இந்தப் பக்கம்தான்.
ஏனென்று கேட்டேன்.
"சும்மாதான்" என்றார்கள்.

பதினேழில் ஒன்றுமில்லை.
பதினாறு சொட்டுகிறது, பதினெட்டும் சொட்டுகிறது;
நடுவில் இது மட்டும்
வாய் உலர்ந்த துளை.
விரலை விட்டேன், தூசி.
ஆபத்து என்ற கட்டத்தில் எழுதினேன்:
"17. செடி இல்லை."

பொறியியலாளர் நிலந்த சிரித்தார்.
"செடி முளைத்தால்தானே மிஸ் ஆபத்து?"
அவர் மேசையில் விரித்திருந்தது சுவரின் புதுப் படம்:
பசுமை நகரத் திட்டம்.
முழுவதும் சுரண்டி, பூசி,
அதன்மேல் இலைகள் வரையப் போகிறார்கள்.
பெயின்ட் இலைகள், மூன்று வகைப் பச்சையில்.

சுரண்ட வந்தவன் பாக்கியசீலன்.
தோட்டத்தில் கான் வெட்டிய கை.
படிவத்தைக் காட்டினேன்.
வாசிக்கவில்லை; சுவரில் காதை வைத்தான்.
"அடைச்சிருக்கு" என்றான்,
அலவாங்கை எடுத்தான்.

முதலில் வந்தது சிமெந்துப் பையின் துண்டு,
கட்டியவர்கள் உள்ளே திணித்து மறந்தது.
பிறகு சேறு.
பிறகு தேநீர் நிறத்தில் தண்ணீர்,
ஒரு முழ நீளத்துக்குப் பாய்ந்து
வடைக்கடைக்காரரின் அடுப்பை அணைத்தது.
அவர் ஏசினார். மூன்று மொழியில் ஏசினார்.
இரண்டரை மணித்தியாலம் ஓடியது.
நிலந்த குடை பிடிக்காமல் வந்து நின்றார்,
எதுவும் பேசவில்லை,
திரும்பிப் போகையில் மட்டும் கேட்டார்:
"மற்ற நாற்பதிலும் செடி இருக்கா?"

வைகாசி மழை அந்த வாரமே பிடித்தது.
பெயின்ட் வாளிகள் களஞ்சியத்தில் கிடக்கின்றன.
சுவர் நிற்கிறது;
அதனால்தான் என்று என்னால் சொல்ல முடியாது.

கடைசி நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு
பதினேழைப் பார்க்கப் போனேன்.
கீழ் விளிம்பில், அழுக்கா பாசியா
என்று தெரியாத ஒரு பச்சை.
நாடாவை எடுத்துப் பார்த்து
மறுபடி சுருட்டினேன்.

இப்போது தலவாக்கலையில் வேலை.
பஸ் பின்வாங்கித் திரும்பும்போது
ஜன்னலில் இருந்து துளைகளை எண்ணுவேன்.
பன்னிரண்டு வரும்போது
கச்சான் பையன் ஏறிக் குறுக்கே நிற்பான்.