நாட்காட்டிக்குப் பின்னால்

சட்டம் போட்டுச் சுவரேறியது சான்றிதழ்.
ஜெர்மன் எழுத்து ஒருவருக்கும் புரியாது.
ஓரத்தில் நுரை ததும்பும் குவளை
போச்சம்பள்ளி முழுதுக்கும் புரியும்.

"பார்லி கம்பெனி" என்றாள் அம்மா
சீட்டுப்பணம் வாங்கவந்த ருக்குமணியிடம்.
அன்று மாலையே
உரக்கடைக் காலண்டர் இடம் மாறியது.
மூன்று மாதம் நான் கழற்றித் துடைத்த வால்வுகள்,
எட்டாம் தொட்டியில் நான் பிடித்த கசிவு,
எல்லாவற்றின் மேலும்
ராகுகாலம், எமகண்டம்.

குடித்தாயா என்று யாரும் கேட்கவில்லை.
கேட்காமலிருக்க எத்தனை சுற்று!
பனி பெய்ததா, சோறு கிடைத்ததா,
கூட வேலைசெய்த பெண்கள் எத்தனை பேர்.
ஊறிய பார்லிக்கு
முளைகட்டிய கேழ்வரகின் அதே வாசம் என்றேன்.
அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாங்கூழ் ஆலையில் ஷிப்ட் முடித்து
அப்பா வந்தபோது மணி மூன்று.
சட்டையில் பாய்லர் கரி,
காதுமடலில் காய்ந்த கூழ்.
விளக்குப் போடவில்லை.
செல்போன் வெளிச்சத்தில்
ஆடி மாதத்தைத் தூக்கிப் பிடித்து
நெடுநேரம் நின்றார்.
தூங்குவதுபோல் கிடந்த என்னைக் கேட்டார்:

"இந்த நுரைக்கு எத்தன பார் பிரஷர் வெப்பாங்க?"

"ஒண்ணுப்பா. மிஞ்சினா ஒண்ணேகால்."

"அவ்ளோதானா" என்று
காலண்டரைக் கீழே விட்டார்.