பதினான்கு புள்ளி எழுத்து

சாப்பாட்டு மேசையில்
இரண்டு சம்பளச் சீட்டுகள்.
வெண்டலுடையது தீயணைப்புத் துறை.
சங்கச் சந்தா முப்பத்தொன்பது டாலர்,
பிடித்தாயிற்று. அவன் தூங்கிக்கொண்டிருந்தபோதே
பிடித்திருப்பார்கள்.
என்னுடையது பள்ளிக்கூடம்.
அந்த வரி இருந்த இடத்தில்
மேல் வரியும் கீழ் வரியும் நெருங்கி உட்கார்ந்துவிட்டன,
பேருந்தில் ஒருவர் இறங்கியதும்
நகர்ந்துகொள்வார்களே, அப்படி.

நெருப்பை அணைக்கிறவனுக்குப் பிடிக்கலாம்.
பின்னம் சொல்லித்தருகிறவளுக்குப் பிடிக்கக் கூடாது.
புதிய சட்டம்.
ஏன் என்று வெண்டலைக் கேட்டேன்.
"எங்கள் வண்டி சிவப்பு" என்றான்.
சிரித்தேன்.
பாத்திரம் கழுவும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

ஆகவே, பொருளாளர் யோலெத் தெரோசியே,
ஐந்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர்,
ஃப்ளோரிடாவின் நடுவில்
ஆரஞ்சு மரங்கள் நோயில் காய்ந்த ஒரு கவுன்டியில்,
மூன்றரை மணி வெயிலில்
கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறேன்.
கையில் அட்டை. அட்டையில் படிவம்.
தார் செருப்பைப் பிடித்து இழுக்கிறது.

படிவத்தின் தலையில் அரசாங்கம் எழுதிக்கொடுத்த வாசகம்,
தடித்த எழுத்து, பதினான்கு புள்ளி:
நீங்கள் இதில் சேர வேண்டியதில்லை.
எங்கள் பெயர் அதற்கும் கீழே, பத்துப் புள்ளியில்.
கல்யாணப் பத்திரிகையின் உச்சியில்
'வராவிட்டாலும் பரவாயில்லை' என்று
அடுத்த வீட்டுக்காரன் அச்சடித்த மாதிரி.

ஆங்கில ஆசிரியை அப்டெகிராஃப்
சிவப்புப் பேனாவை எடுத்து
முதல் வாக்கியத்தில் ஒரு காற்புள்ளி வைத்தாள்.
திருத்தினால் செல்லாது என்றேன்.
"தெரியும்."
இன்னொன்று வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.
திருத்தியதை மடித்துக்
கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நான் உறுப்பினராகவா இருந்தேன்?"
என்று கேட்டது ஒரு புதுப்பெண்.
நான்கு வருடமாக என்றேன்.
ஷெல்பிக்கு அட்டை இரண்டு முறை மறுத்துவிட்டது.
பாலர் வகுப்பு உதவியாளர்.
மூன்றாம் முறை தேய்க்க வேண்டாம் என்று
நானேதான் சொன்னேன்.

பயிற்சியாளர் மெக்கெலர்
கார்க் கண்ணாடியை நாலு விரல் இறக்கினார்.
போன வருடம் அவருடைய வேலைக்காக
நான்கு மணி நேரம் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.
"சேராவிட்டாலும் ஒப்பந்தம் எனக்கும் உண்டுதானே?"
உண்டு.
வேறு பதில் இருந்தால் சொல்லியிருப்பேன்.
உள்ளிருந்து குளிர்காற்று முகத்தில் அடித்தது.
நன்றாகத்தான் இருந்தது,
அதுதான் எரிச்சல்.

நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
நூற்றுக்கு அறுபது சேராவிட்டால்
சங்கம் இருக்கலாமா என்பதற்கே
மறுபடி கேட்டு நிற்க வேண்டும்.
இந்தச் சட்டத்துக்குக் கை தூக்கியவர்களில்
தன் தொகுதியில் நூற்றுக்கு அறுபது வாங்கியவர் எத்தனை பேர் என்று
குடிமையியல் ஓஸ்டீன் பலகையில் கணக்குப் போட்டார்.
மணி அடிக்கும் முன்பு அழித்துவிட்டார்.
அவரே அழித்தார்.

நேற்று ராத்திரி வரை இருநூற்று முப்பத்தொன்பது.
இன்னும் ஒன்பது. வெள்ளிக்கிழமை கடைசி.
தூக்கம் வராமல்
மேலே தொகுதி, கீழே பகுதி என்று எழுதிப் பார்த்தேன்,
பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல:
எதனால் வகுக்கலாம்? இரண்டு? மூன்று? ஏழு?
இருநூற்று முப்பத்தொன்பது
எதற்கும் பிரியவில்லை.
இந்தப் பின்னம் சுருங்காது.
அதில் ஆறுதல் கொள்ள நான் முட்டாள் இல்லை,
இருந்தாலும் ஒரு முறை
அடிக்கோடு போட்டேன்.

காலையில் என் கார் துடைப்பானில் ஓர் உறை.
ஐம்பத்தாறு டாலர், ஒரு மாதச் சந்தா,
எல்லாம் ஒற்றை நோட்டுகள்,
சில ஈரம்.
படிவம் இல்லை. பெயர் இல்லை.
பெயரில்லாத பணத்தை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது.
திருப்பிக் கொடுக்கவும் ஆள் தெரியாது.
முதல் மணி அடித்துவிட்டது.
உறையை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல்
வகுப்புக்குள் கொண்டுபோகிறேன்.