கழிவு போக

சங்க மலருக்கு அட்டைப்படம் வேண்டும் என்றார்கள்.
முக்கூடலில் ஆவுடைத்தாய் வீட்டு முன்னறை.
மூன்றரை மணி,
ஜன்னலோரம் நல்ல வெளிச்சம்.

கேமராவை எடுத்ததுதான் தாமதம்,
மடியிலிருந்த சுளகை இறக்கி வைத்தாள்.
முந்தானையை இழுத்துச் சொருகி
முதுகை நிமிர்த்தி
மூச்சையும் நிறுத்திக்கொண்டாள்.

இந்த முகம் எனக்குத் தெரியும்.
ரேஷன் கார்டில் இருந்தது,
ஆதாரில், பீடி அட்டையில்,
குழுக்கடனுக்கு ஒரு சிலேட்டில் எண் எழுதி
நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொன்ன படத்தில்.
எவனோ ஒரு பையன்
சிரிக்காதீங்க என்றிருக்கிறான்,
ஆடாதீங்க என்றிருக்கிறான்.
அவள் இன்னும் ஆடவில்லை.

‘சிரிங்க’ என்றேன்.
பல் தெரிந்தது. அவ்வளவுதான்.

‘சரி, சும்மா இருங்க.’
‘சும்மா இருக்கது எப்பிடி?’
கிண்டல் இல்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

சுளகை எடுத்துக் கையில் கொடுத்தேன்.
இலை, தூள், ஒரு சுருட்டு, நூல்.
விரல்கள் தம் பாட்டுக்குப் போக
தோள் ஒரு இஞ்ச் இறங்கியது.
நான் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

‘எத்தன எடுத்தீய?’
‘நாப்பது இருக்கும்.’
‘எத்தன தேறும்?’
‘ஒண்ணு.’
நூல் நின்றது.
‘நாப்பதுக்கு முப்பத்தொம்பது கழிவா?
எங்க கடையில அன்னைக்கே
பாஸ்புக்கப் பிடுங்கிட்டு அனுப்பிருவாவ!’
சொன்னவள் சிரித்தாள்,
ஓரத்துச் சொத்தைப்பல் வரைக்கும்,
தூள் பறக்க, இருமல் வர, கண்ணில் நீர் வர.

அழுத்தினேன்.
பேட்டரி தீர்ந்திருந்தது.

மறுநாளும் போனேன்.
வெளிச்சம் நேற்றைய இடத்தில்தான் விழுந்தது.
நேற்றைய ஆளைக் காணோம்.
வேறு வழியில்லாமல் ஒரு கள்ளம் செய்தேன்.
‘அடடா, இன்னைக்கும் சார்ஜ் இல்லியே’ என்று
ஒரு கையைத் தலையில் வைத்தேன்.
மற்ற கையின் விரல் பொத்தானில்.

ஆவுடைத்தாய் என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாள்.
அதில் கேமராத் திரை மினுங்கிக்கொண்டிருந்தது.
இடது புருவம் மட்டும் ஏறியது.
நல்ல கட்டைக் கழிவில் தள்ளும் ஏஜெண்டை
இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிற பார்வை.
‘பொய்யி’ என்றாள்,
சத்தமே இல்லாமல்.

அதைத்தான் எடுத்தேன்.

மலர்க்குழுவுக்குப் பிடிக்கவில்லை.
சிரித்த முகம் கேட்டார்கள்;
பல் தெரிந்த படம் அட்டைக்குப் போயிற்று.

மற்றதைப் பெரிதாக்கி
அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
இலையைப் பார்ப்பதுபோல்
ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

‘இதுல யாரப் பாக்கேன்?’
‘என்னத்தான்.’
‘நல்லாத்தான் பாத்திருக்கேன்’ என்று சொல்லி
நூல்முனையைத் தேடினாள்.